தீப்பெட்டி எழுத்து

சென்ற மாதம் உங்கள் புரூப் மேசைப் பக்கம் வந்து உட்கார்ந்திருந்தேன். அப்போது உங்களில் ஒருவர், "சார், தெரியாத பாஷையில பிழை பாக்க முடியுமா?" என்று கேட்டார். முடியாது என்று பட்டென்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன். டீக்கடைக்குப் போய்ச் சேர்வதற்குள், ஏன் முடியாது என்று தோன்றியது. திரும்பி வரும்போது, முடியும் என்று நினைப்பதுதான் ஆபத்து என்று தோன்றியது. இதில் எது சரி என்று எனக்கு இன்னும் தெளியவில்லை. தெரியாததைத் தெரியாது என்று கூசாமல் சொல்கிற வயது வந்துவிட்டது. அதனால்தான் இதை எழுதத் துணிந்தேன்.

எபிரேய மொழியில் எனக்கு ஒரே ஒரு சொல் தெரியும். செடிகள் என்ற சொல். அதை எந்த இடத்தில் எப்படிப் போட வேண்டும் என்பதும் தெரியும். குறைந்தபட்சம், தெரியும் என்று நம்புகிறேன். சிவகாசியைத் தாண்டி மதுரைக்குப் போனாலே வெளியூர்ப் பயணம் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அது எப்படி வாய்த்தது என்று சொல்கிறேன்.

ஐம்பதுகளின் நடுவில் நான் சிவகாசியில் ஒரு லித்தோ அச்சகத்தில் புரூப் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்லில் எழுதி அச்சடித்த காலம் அது. கல்லில் எழுத்தை இடவலம் மாற்றி எழுதினால்தான் தாளில் நேராக விழும். எங்கள் ஆர்ட்டிஸ்ட் பக்கத்து ஊரான விஸ்வநத்தத்துக்காரர். முதலாளி முதல் கூட்டிப் பெருக்குகிறவர் வரை எல்லோருக்கும் அவர் அண்ணாச்சிதான். தமிழானாலும் இங்கிலீஷானாலும் இந்தியானாலும் நாம் நேராக எழுதுவதைவிட வேகமாக அவர் மாற்றி எழுதுவார். கையெழுத்துப் போடச் சொன்னால்தான் ஒரு கணம் யோசிப்பார். எழுத்தின் மூலை கூராக இருந்தால் அங்கே மை தேங்கிப் பிசிறடிக்கும் என்று, கல் மெஷினுக்குப் போகுமுன் எல்லா மூலைகளையும் லேசாக மழுக்கிவிடுவது அவர் கைப்பழக்கம். பார்க்க அழகாகவும் இருக்கும். அவர் எழுதிய வெடிப்பெட்டி லேபிளைத் தூரத்திலிருந்தே அடையாளம் சொல்லிவிடலாம்.

ஒரு கோடையில் விருதுநகர் மண்டிக்காரர் ஒருவர் கொச்சியிலிருந்து வந்த ஓர் அம்மாளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பெயர் ராகேல். நாற்பது வயது இருக்கும். முண்டும் சட்டையும் உடுத்தியிருந்தார். அவருடைய அப்பா உயிரோடு இருந்தபோது விருதுநகரில் மல்லியும் வத்தலும் வாங்கிப்போன வியாபாரி. அந்தப் பழக்கத்தில் மகளுக்கும் தமிழ் வந்திருந்தது. மலையாளம் அங்கங்கே எட்டிப் பார்க்கும் தமிழ்.

அவர்கள் யூதர்கள். கொச்சியில் தலைமுறை தலைமுறையாக இருந்தவர்கள் அப்போது குடும்பம் குடும்பமாக இஸ்ரேலுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். இவருடைய தம்பி முன்பே போய்விட்டார். இனி இவரும் இவருடைய அம்மாவும் போக வேண்டும். அங்கே போய் ஒரு சின்ன மருந்துச் சரக்குக் கடை போடுவதாகத் திட்டம். மல்லாங்கிணறு பக்கம் கரிசலில் விளைகிற நிலாவாரை இலையை மண்டிக்காரர் அனுப்புவார். வயிற்றைச் சுத்தம் செய்கிற இலை அது. கொச்சியிலிருந்து எலுமிச்சைப்புல் போகும். அதைக் கொதிக்க வைத்துத் தேயிலை மாதிரிக் குடிப்பார்கள். இரண்டையும் பொட்டலம் கட்டி ஒட்ட இரண்டு லேபிள் வேண்டும். அச்சடித்த லேபிளைக் கையோடு கொண்டுபோய்விட்டால், போன மறுவாரமே கடையைத் திறந்துவிடலாம்.

மாதிரிக்கு இரண்டு காலி உறைகளைக் கொண்டுவந்திருந்தார். இரண்டும் தம்பி அங்கிருந்து அனுப்பியவை. ஒன்று அந்த ஊரில் விற்கிற மூலிகை மருந்தின் உறை. மற்றது செடித் தேயிலையின் உறை. எழுத்து இதே எழுத்து, படம் மட்டும் நம்முடையது என்றார்.

"மருந்தாக்கும்," என்று முதல் நாளே அண்ணாச்சியிடம் சொன்னார். "பேரே தப்பா இருந்தா உள்ளே இருக்கிறதை யார் நம்புவா? எனக்கு அறிஞ்ச தொழில் இது ஒண்ணுதான். அங்கே போய் முதல் நாளே சிரிக்க வச்சிடாதீங்க."

"நம்ம கல்லுல தப்பு வராதும்மா," என்றார் அண்ணாச்சி.

வந்தது. முதல் புரூப்பிலேயே வந்தது.

எபிரேயம் வலமிருந்து இடமாக ஓடுகிற எழுத்து. உருது லேபிளும் அப்படித்தான். ஆனால் அதற்கு மதுரையிலிருந்து ஒரு முன்ஷி வந்து அவரே கல்லில் எழுதிவிட்டுப் போவார், நாங்கள் கிட்டப் போவதில்லை. அண்ணாச்சி உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது ஏற்கெனவே மாறித்தான் ஓடுகிறது, இதை நாம் வேறு எதற்கு மாற்ற வேண்டும் என்று கணக்குப் போட்டார். உறையில் இருந்ததை இருந்தபடியே கல்லில் எழுதிவிட்டார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. இப்போது உங்களுக்குச் சொல்லும்போதும் ஒரு நிமிடம் நியாயமாகத்தான் படுகிறது.

ராகேலம்மா புரூப்பை வாங்கி வலப்பக்கமிருந்து படிக்க ஆரம்பித்தார். பிறகு இடப்பக்கமிருந்து பார்த்தார். முகம் சுருங்கியது. ஜன்னலுக்குப் போய்த் தாளைத் திருப்பி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பின்பக்கமாகப் படித்தார். அப்போது சரியாக இருந்தது.

"கண்ணாடியில பார்க்கிற மாதிரி அச்சடிச்சிருக்கீங்க," என்றார்.

அண்ணாச்சிக்கு அவமானம். இத்தனை வருடத்தில் முதன்முறையாக அவருக்கு நேர் எது, மாற்று எது என்று குழம்பிவிட்டது. தமிழ் லேபிள் ஒன்றை எழுதும்போதுகூட நிறுத்தி, "ஏலே, இது எந்தப் பக்கம் போகணும்?" என்று என்னைக் கேட்டார். எனக்கும் சட்டென்று சொல்லத் தெரியவில்லை.

மறுபடி எழுதினார். இதற்கிடையே செடிப் படத்தின் பச்சை நிறம் மெஷினில் ஓடிக் காய்ந்துவிட்டது. எழுத்து வருகிற கறுப்பு மட்டும் பாக்கி. ராகேலம்மா ஊர் திரும்ப வேண்டிய நாளும் வந்துவிட்டது. சாயங்காலம் கொல்லம் வண்டியில் ஏறினால்தான் அந்த வாரம் அம்மாவோடு பம்பாய் போய்ச் சேர முடியும். காலையில் அவர் புரூப்பில் சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டால் மத்தியானம் கறுப்பு ஓட்டிவிடலாம். நம் ஊர் வெயிலில் சாயங்காலத்துக்குள் மை காய்ந்துவிடும். மெஷின்காரர் கையைத் துடைத்துக்கொண்டு தயாராக நின்றார்.

புதிய புரூப் நேராக இருந்தது. தேயிலை லேபிளை ராகேலம்மா ஒரு பார்வை பார்த்தார். "தே ஸெமாஹீம்," என்று படித்தார். தேயிலையில் இருக்கிற அதே 'தே'தான் அங்கேயும் என்றதும் எங்களுக்கு ஒரே சந்தோஷம். ஸெமாஹீம் என்றால் செடிகள். உடனே அதில் கையெழுத்துப் போட்டார்.

மருந்து லேபிளில் நின்றார்.

"இங்கேயும் செடிகள்தானே வரணும்? மருந்துச் செடிகள். ஸெமாஹீம் மர்பே. மர்பேன்னா நோய் குணமாகிறது." விரலை எழுத்தின் மேல் வைத்தார். "ஆனா ஸெமாஹீம்ல கடைசி எழுத்து இல்லா."

எட்டிப் பார்த்தேன். தேயிலை லேபிளில் அந்தச் சொல்லின் கடைசியில் நாலு பக்கமும் அடைத்த ஒரு பெட்டி இருந்தது. அதுதான் ம் என்றார். நாங்கள் அதற்கு முன்பே தீப்பெட்டி என்று பேர் வைத்திருந்தோம். மருந்து லேபிளில் தீப்பெட்டி இல்லை. காற்புள்ளியை மேலே தூக்கி ஒட்டியதுபோல ஒரு சின்னக் கீற்றோடு சொல் முடிந்திருந்தது.

"அண்ணாச்சி, விட்டுட்டீகளா?" என்றேன்.

அவர் உறையை எடுத்து என் முன்னால் போட்டார். உறையிலும் தீப்பெட்டி இல்லை.

ராகேலம்மா குழம்பிவிட்டார். அவருக்குப் பிரார்த்தனைப் புத்தகம் படிக்கத் தெரியும். கடைத்தெருவில் பேசுகிற எபிரேயம் தெரியாது. புறப்படுகிறவர்களுக்காகக் கொச்சியில் ஒரு வகுப்பு நடந்திருக்கிறது. ரொட்டி, தண்ணீர், பஸ் என்று சொல்லிக்கொடுத்த வரிசையில், இவர் கேட்டதற்காகச் செடியையும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஒரு செடி என்றால் ஸேமஹ். பல செடி என்றால் ஸெமாஹீம். அவ்வளவுதான் பாடம். சொல்லிக்கொடுத்தவரும் கப்பலேறிவிட்டார். போன் போட்டுக் கேட்கலாம் என்றால் கேட்க ஆள் இல்லை.

"உறையிலேயே விட்டுப்போயிருக்கு," என்றார் அண்ணாச்சி. "நம்ம ஊர்லயே எம்புட்டு கம்பெனி லேபிள்ல கால் விட்டுப்போகுது, புள்ளி விட்டுப்போகுது. அங்கன மட்டும் மனுசன் இல்லையா? ஒரு பெட்டிதானம்மா, நான் வச்சுத் தாரேன்."

"சேர்த்துக்கோங்க," என்றார் ராகேலம்மா. குரலில் உறுதி இல்லை. ஆனாலும் சொல்லிவிட்டார்.

அண்ணாச்சி பிரஷ்ஷை மையில் தொட்டார். நான், "கொஞ்சம் பொறுங்க," என்றேன்.

ஆர்டர் கொடுத்தவர் சேர்க்கச் சொல்கிறார். எழுதுகிறவர் சேர்க்கிறேன் என்கிறார். நடுவில் ஓர் எழுத்துகூடத் தெரியாத நான் கையை நீட்டுகிறேன். அந்த ஊர்க்காரன் தன் சொந்த மொழியில், அதுவும் மருந்து உறையில், அத்தனை பெரிய எழுத்தில் ஒரு எழுத்தை விட்டுவிட்டு விற்றுக்கொண்டிருப்பானா என்பது மட்டும்தான் உறுத்தல். விட்டாலும் விட்டிருப்பான். அண்ணாச்சி சொல்வதும் சரிதான்.

"ஆர்டர் குடுத்தவுகளே சொல்லுறாக. நீ யாருலே ஊடால?" என்றார் அண்ணாச்சி.

தண்ணீர் குடிக்கிற சாக்கில் என் மேசைக்குப் போனேன். அங்கே பட்டாசுக் கம்பெனி ஒன்றின் புரூப்புகள் கிடந்தன. காலையிலேயே பார்த்து முடித்தவை. ஒன்று வாணத்துக்கான பெட்டி லேபிள். பெரிய எழுத்தில் 'வாணம்' என்று இருந்தது. இன்னொன்று எல்லா வகையும் கலந்து வைக்கிற பெட்டி. அதில் 'வாணவேடிக்கை' என்று இருந்தது. இரண்டுக்கும் சரி என்று நான்தான் குறி போட்டிருந்தேன். டம்ளரை வைத்துவிட்டு இரண்டையும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

"அண்ணாச்சி, வாணத்துல ம் இருக்கு. வாணவேடிக்கையில ம் எங்க போச்சு?"

"எங்க போச்சுன்னா? அது அப்படித்தாம்லே சொல்லுவோம்."

"வெளியூர்க்காரன் ஒருத்தன் வந்து, ஒரு எழுத்து விட்டுப்போச்சேன்னு வாணம்வேடிக்கைன்னு போட்டா என்ன செய்வீக?"

"கைய ஒடிப்பேன்," என்று சொல்லிவிட்டு, கையில் இருந்த பிரஷ்ஷைப் பார்த்தார். பிறகு சுதாரித்துக்கொண்டார். "அது தமிழுலே. நம்ம இலக்கணத்தக் கொண்டுபோயி அவுக செடிக்கு வைக்கிறியே, அவுகளுக்கு ஏத்துக்குமா?"

நல்ல கேள்வி. ஒரு ம் இங்கே உதிர்கிறது என்பதற்காகக் கடல் தாண்டி அங்கேயும் உதிர வேண்டும் என்று என்ன கட்டாயம்? நான் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தது, அவர் கேட்டதும் பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. மெஷின்காரர் வாசலில் வந்து நின்று வெயிலைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், போய்விட்டார்.

கடைசியில் ராகேலம்மாவிடமே கேட்டேன். "உங்க பிரார்த்தனையில, இந்த மாதிரி ஈம்னு முடியுற வார்த்தை இன்னொரு வார்த்தையோட ஒட்டி வருதாம்மா? பலபேரைச் சொல்ற வார்த்தை ஏதாச்சும்?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். உதடு மட்டும் அசைந்தது. "பிள்ளைகள்னா பானீம்."

"இன்னாருடைய பிள்ளைகள்னு வந்தா?"

"இஸ்ராயேலின் பிள்ளைகள்னு எப்பவும் வரும். பெனே இஸ்ராயேல்." சொல்லிவிட்டு நின்றார். கண்ணைத் திறந்தார். மறுபடி மெதுவாகச் சொன்னார். "பெனே. பானீம் இல்லா. பானீம் இஸ்ராயேல்னு யாரும் சொல்லவே மாட்டாங்க."

பக்கத்தில் கிடந்த தாள்கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். "பிறந்ததிலிருந்து சொல்றேன் தம்பி. ம் போனதை ஒருநாளும் கவனிச்சதில்ல."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதே நேரம் பயமாகவும் இருந்தது. பிள்ளைகளுக்குச் சரியாக இருந்தது செடிகளுக்கும் சரியாக இருக்குமா? அண்ணாச்சியும் அதைத்தான் கேட்டார். ராகேலம்மா உறையையும் புரூப்பையும் மாறி மாறிப் பார்த்தார். ஸெமாஹே என்று சொல்லிப் பார்த்தார், திருப்தி இல்லை. வேறு மாதிரி மாற்றிச் சொன்னார், அதுவும் ஒட்டவில்லை. உறையில் மெய்யெழுத்துகள் மட்டும்தான் இருந்தன. உயிர் ஓசை நாமே போட்டுப் படிக்க வேண்டியது.

"எப்படிச் சொல்றதுன்னு அறியாது," என்றார். "எழுத்து உறையில இருக்கிறபடியே இருக்கட்டும். வாய் அங்கே போய்ப் பழகிக்கும்." பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். தப்பாகப் போனால் திரும்பி வந்து மாற்ற முடியாது என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

கறுப்பு ஓடியது. முதல் தாள் வந்ததும் நான்தான் பிடித்தேன். மருந்து லேபிளில் தீப்பெட்டி இல்லை. நல்லது. தேயிலை லேபிளில் தீப்பெட்டி இருந்தது. அதுவும் நல்லது. ஓட்டுங்கள் என்றேன்.

சாயங்காலம் ஸ்டேஷனுக்கு லேபிள் கட்டைத் தூக்கிக்கொண்டு அண்ணாச்சியே வந்தார். வண்டி கிளம்பும்போது ராகேலம்மா ஜன்னலிலிருந்து, "இது தப்பா இருந்தா உங்களைத் திட்டறதுக்குக்கூட எனக்கு வழி இல்லை," என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்குப் பிறகு வருடக்கணக்கில் ஒரு தகவலும் இல்லை. எங்கோ ஒரு கடையில் அந்த லேபிளைப் பார்த்து யாரோ சிரிப்பதாக எனக்கு அடிக்கடி தோன்றும். சேர்க்க விட்டிருக்கலாமோ என்று அண்ணாச்சியிடம் கேட்பேன். அவர் ஒருநாள் விட்டதே சரி என்பார், இன்னொரு நாள் வச்சிருக்கணும்லே என்பார். வாணவேடிக்கை லேபிள் மேசைக்கு வந்தால் இரண்டு தடவை எழுத்துக்கூட்டிப் பார்ப்பேன். அந்தச் சொல்லே தப்பாக இருக்கிறதோ என்றுகூடச் சில நாள் பட்டதுண்டு.

அறுபதுகள் பிறந்து கொஞ்ச காலம் ஆன பிறகு அந்த மண்டிக்காரர் மறுபடி வந்தார். நாங்கள் அச்சடித்த அதே இரண்டு லேபிள்களில் வகைக்கு ஒன்றாக மேசையில் வைத்தார்.

"அந்தக் கொச்சியம்மா கடை நல்லா ஓடுதாம். மருந்து லேபிள் தீந்துபோச்சாம். இருக்கபடியே அடிச்சு அனுப்பச் சொன்னாக. ஒண்ணும் மாத்தவேண்டாமாம். அப்புறம், அந்தச் செடி வார்த்தைய 'ஸிம்ஹே'ன்னு சொல்லணும்னு உங்ககிட்டச் சொல்லச் சொன்னாக. என்னவோ, சொல்லிட்டேன்."

அண்ணாச்சி என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். இத்தனை வருடம் வயிற்றில் கிடந்த கல் இறங்கியது.

"தேயிலை லேபிள்ல மட்டும் ஒரு சின்ன மாத்தம்," என்றார் மண்டிக்காரர்.

தேயிலை லேபிளை யாரும் சந்தேகப்பட்டதே இல்லை. குனிந்து பார்த்தோம். தீப்பெட்டி எழுத்தின் மூலைகளில் பேனா மையால் தொட்டுத் தொட்டுக் கூராக்கியிருந்தது. புரூப்பில் மூலை கூராகத்தான் இருந்தது, எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கையெழுத்து ஆன பிறகு, எழுத்தை மெஷினில் ஓட்டுகிற பெரிய கல்லுக்கு மாற்றியபோது, மை தேங்காமல் இருக்க அண்ணாச்சியின் கை தன் பழக்கத்தில் மூலையை மழுக்கியிருக்கிறது. நான் பெட்டி இருக்கிறதா என்று பார்த்தேன். பெட்டி பெட்டியாக இருக்கிறதா என்று பார்க்கவில்லை.

"மூலை மழுங்கிட்டா அது வேற எழுத்தாமே," என்றார் மண்டிக்காரர். "ம் இல்லையாம், ஸ்ஸாம். செடிகள்ங்கிறது என்னமோ செடிகஸ்ங்கிற மாதிரி ஆயிருச்சாம். கட்டப் பிரிச்சதும் பாத்துட்டாக. அவுகளும் அவுக அம்மாவும் உக்காந்து ஒவ்வொரு லேபிள்லயும் பேனாவால மூலை வச்சாகளாம். அத்தனையிலயும்."

ராகேலம்மாவின் வயதான அம்மா போன இடத்தில் புது வீட்டில் உட்கார்ந்து, நாங்கள் மழுக்கிய மூலைகளை ஒவ்வொன்றாகக் கூராக்குவதை நான் நினைத்துப் பார்த்தேன். சிவகாசியில் நாங்கள் ஒரு காலைப் பொழுது முழுவதும் இல்லாத எழுத்துக்காகச் சண்டை போட்டோம். இருந்த எழுத்தை யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

எனவே, பழையபடி நீங்கள் கேட்ட கேள்விக்கே வருகிறேன். தெரியாத மொழியில் சரியானதைத் தப்பாக்காமல் காப்பாற்றினேன். அதே நாளில் அதே மொழியில் தப்பை என் கையாலேயே ஓட்டச் சொன்னேன். இதிலிருந்து உங்களுக்கு என்ன சொல்வது? கையெழுத்தான பிறகு யாரையும் கல்லைத் தொட விடாதீர்கள் என்பது ஒன்று. சந்தேகம் வந்த இடத்தைப் பார்க்கிற கண்ணால் சந்தேகம் வராத இடத்தையும் பாருங்கள் என்பது இன்னொன்று. இரண்டும் சொல்லச் சுலபம். எனக்கே பாதி நாள் கைகூடியதில்லை.

அண்ணாச்சி அன்று மத்தியானமே புதுக் கல் எடுத்து உட்கார்ந்தார். தீப்பெட்டி எழுத்துக்கு மட்டும் பிரஷ்ஷை வைத்துவிட்டு, கோடு போடுகிற அடிக்கட்டையும் பேனாவும் கேட்டு வாங்கினார். எழுதி முடித்ததும், வழக்கமாகச் செய்வதுபோல் நேரே மெஷினுக்கு அனுப்பவில்லை. என்னைக் கூப்பிட்டார்.

"ஏலே, பெட்டிக்கு மூலை இருக்கான்னு பாரு."

குனிந்து, கண்ணைக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். "இருக்கு அண்ணாச்சி."

"அந்த மருந்து லேபிள்ல, இல்லாதது?"

அதையும் பார்த்தேன்.

"அது இல்லாமத்தான் இருக்கு அண்ணாச்சி."